வீட்டில் செய்த காற்றாலை: புயல்கூட இல்லை, தாழ்வு மண்டலக் காற்றிலேயே இறக்கை முறிந்து பறந்தது. எங்கே பிசகியது?

உப்பளக்கரை (வேதாரண்யம் பக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். என் மச்சான் உப்பளக் கொட்டகையில் வைத்திருந்த காற்றாலை பற்றிக் கேட்க வேண்டும். 2018 நவம்பரில் கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது எங்கள் பக்கம் வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது. அப்போது அவர் மனதில் விழுந்த ஆசை இது. மழைக்காலத்தில் வானம் மூடிக்கொண்டால் சோலார் தகடு பேருக்குத்தான் இருக்கும். வாடைக் காற்றோ இரவு பகலாக அடிக்கும். அதை ஏன் சும்மா விட வேண்டும் என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான்.

ஆலை 2.4 மீட்டர் விட்டம். மூன்று மர இறக்கைகள். ஸ்காட்லாந்தின் ஹியூ பிகாட் உலகம் முழுக்கப் பரப்பினாரே, அந்த அமைப்பு: இரண்டு இரும்புத் தட்டுகளில் நியோடிமியம் காந்தம், நடுவே ரெசினில் வார்த்த சுருள்கள், பலத்த காற்றில் மடங்கும் வால். 24 வோல்ட் பேட்டரி. 12 மீட்டர் ஜி.ஐ. பைப் கம்பம், நான்கு பக்கமும் அதை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி. வெல்டிங்கும் மரவேலையும் ஊரிலேயே செய்தது.

போன ஐப்பசிக் கடைசியில் ஓர் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் வந்தது. புயல் என்று பெயர்கூட வைக்கவில்லை. காற்று மணிக்கு 60 கி.மீ. இருந்திருக்கும். ராத்திரி ஆலை திடீரென ஊளையிட ஆரம்பித்திருக்கிறது. மச்சான் ஓடிப்போய் பிரேக் சுவிட்சைத் தட்டினார். வேகம் கொஞ்சம் தணிந்தது, நிற்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி ஊளை, பிறகு வெடித்தது போல ஒரு சத்தம். விடிந்து பார்த்தால் ஓர் இறக்கை சாலையைத் தாண்டி அடுத்தவர் பாத்தியில் கிடக்கிறது. மேல் ஸ்டே கட்டிய இடத்துக்கு மேலே கம்பம் வளைந்திருக்கிறது. யாருக்கும் அடி இல்லை. பகலாக இருந்திருந்தால் அந்தச் சாலையில் உப்பு லாரியும் சைக்கிளும் போய்க்கொண்டிருக்கும்.

அடுத்த மழைக்காலத்துக்குள் திரும்பக் கட்ட வேண்டும் என்கிறார். எதனால் உடைந்தது என்று தெரியாமல் கட்ட வேண்டாம் என்கிறேன் நான். படங்கள் இணைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

கோவைப்பட்டறை

படங்கள் பார்த்தேன். தூரத்தில் எடுத்திருக்கிறீர்கள், போதாது. முறிந்த இறக்கையின் அடிப்பக்கத்தை, முறிவு முகம் தெரிகிற மாதிரி, வெயிலில் வைத்துக் கிட்டத்தில் எடுங்கள். வால் கீலின் குழாயையும் அப்படியே. வால் முழுதாக மடங்கும்போது போய் முட்டுமே ஒரு தகடு, அதில் பெயின்ட் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் முக்கியமான கேள்வி: ஆலையிலிருந்து பேட்டரி வரை வழியில் என்னென்ன இருக்கிறது? ஃபியூஸ் போயிருந்ததா? கண்ட்ரோலர் எந்த வகை? டம்ப் லோடு, அதாவது பேட்டரி நிறைந்த பின் மிச்ச மின்சாரத்தை விழுங்கும் ஹீட்டர், இருந்ததா?

60 கி.மீ. காற்றில் ஒழுங்காக வேலை செய்யும் 2.4 மீட்டர் ஆலை உடையாது. காற்றைக் குறை சொல்வதற்கு முன்னால் கீழே இருக்கும் பெட்டியைத் திறந்து பாருங்கள்.

இளம்மின் (பாலிடெக்னிக், திருநெல்வேலி)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும் அண்ணா. நானும் ஒன்று செய்யப் போகிறேன். மர இறக்கை என்பதால்தான் முறிந்ததா? பி.வி.சி. குழாயை அறுத்துச் செய்தால் வளைந்து கொடுக்கும், முறியாதுதானே? மலாவியில் வில்லியம் கம்குவாம்பா சைக்கிள் டைனமோவும் பி.வி.சி. குழாயும் வைத்துத்தானே செய்தார்.

உப்பளக்கரை

கோவை அண்ணா கேட்டதெல்லாம் பார்த்துவிட்டேன். புதுப் படங்கள் கீழே.

முறிவு முகத்தைப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். பாதி மரம் வெளிர் மஞ்சளாக, நார் நாராகப் பிய்ந்து புதிதாக இருக்கிறது. மீதிப் பாதி சாம்பல் நிறத்தில், வழவழப்பாக, ஓரத்தில் லேசாகப் பூசணம். அந்தப் பாதி சரியாக ஒரு போல்ட்டு ஓட்டையிலிருந்து தொடங்குகிறது.

வால் முட்டும் தகட்டில் பெயின்ட் புதுசு மாதிரி இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. கீல் குழாயில் துரு ஏறி, வாலைக் கையால் அசைக்க முடியவில்லை. சுத்தியால் தட்டித்தான் கழற்றினோம்.

ஃபியூஸ் நன்றாகவே இருக்கிறது. பேட்டரியும் நன்றாக இருக்கிறது, முழு சார்ஜில். டம்ப் லோடு கிடையாது. கண்ட்ரோலர், கடையில் "சோலாருக்கும் காற்றுக்கும் ஒன்றே போதும்" என்று சொல்லிக் கொடுத்தது. திறந்தால் உள்ளே ஒரே கருகல் வாடை. மேலே சுருள் வார்ப்பும் மூன்று இடத்தில் கருத்து உப்பியிருக்கிறது. மழை நாள் என்பதால் உப்பளத்தில் வேலை இல்லை, மோட்டார் ஓடவில்லை. இரண்டு விளக்கு மட்டும்தான் எரிந்தது.

கோவைப்பட்டறை

சரி, இப்போது கதை முழுதாகத் தெரிகிறது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது ஓர் உயிர் போயிருக்க வேண்டிய விஷயம்.

முதலில் கண்ட்ரோலர். சோலார் தகட்டை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம், அது சும்மா வெயிலில் கிடக்கும். அதனால் சோலார் கண்ட்ரோலர் பேட்டரி நிறைந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடும். காற்றாலையில் அதைச் செய்யக்கூடாது. இறக்கையைக் கட்டுக்குள் வைத்திருப்பதே பேட்டரி உறிஞ்சும் மின்னோட்டம்தான். அந்தச் சுமை போன நொடியில் இறக்கையைப் பிடிக்க ஆளே இல்லை. அன்று நாள் பூராவும் காற்று, செலவு எதுவும் இல்லை, பேட்டரி நிறைந்தது, கண்ட்ரோலர் துண்டித்தது. உங்கள் மச்சான் கேட்ட முதல் ஊளை அதுதான்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். நொடிக்கு 10 மீட்டர் காற்றில், சுமையோடு, இறக்கை நுனி காற்றைப் போல 6 மடங்கு வேகத்தில் போகும் என்று வையுங்கள். நொடிக்கு 60 மீட்டர், அதாவது மணிக்கு 216 கி.மீ. 2.4 மீட்டர் ஆலையில் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 480 சுற்று. இறக்கை 2 கிலோ, அதன் எடை மையம் அச்சிலிருந்து அரை மீட்டர் என்றால், அடி போல்ட்டுகளை வெளியே இழுக்கும் விசை 250 கிலோ எடைக்குச் சமம். இது தினசரி நடப்பது, மரம் தாங்கும்.

இப்போது 60 கி.மீ. காற்று, அதாவது நொடிக்கு 16, 17 மீட்டர். சுமை இல்லாத இறக்கை காற்றைப் போல 10 மடங்கு வேகத்தை எட்டினால் நிமிடத்துக்கு 1,300 சுற்றைத் தாண்டும். இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். அதே 2 கிலோ இறக்கை இப்போது கிட்டத்தட்ட 2 டன் விசையில் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கிறது. நுனியின் வேகம் மணிக்கு 600 கி.மீ. சாலையைத் தாண்டி விழுந்ததில் வியப்பே இல்லை. இன்னும் தூரம் போயிருக்கலாம்.

இரண்டாவது, வால். இந்த அமைப்பில் இறக்கைத் தட்டு கம்பத்தின் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கி இருக்கும். அதனால் காற்று தள்ளும்போது தலை பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். வால் அதைத் தடுக்கும். வாலின் கீல் சுமார் 20 பாகை சாய்ந்திருப்பதால் வால் மடங்க வேண்டுமென்றால் மேலே ஏறியாக வேண்டும். காற்று மிஞ்சும்போது தள்ளுவிசை வாலின் எடையை வென்று அதை ஏற்றிவிடும், இறக்கை காற்றுக்கு ஓரம் காட்டும். காற்று தணிந்தால் வால் தன் எடையிலேயே சறுக்கித் திரும்பும். ஸ்பிரிங் இல்லை, மின்சாரம் இல்லை, புவியீர்ப்பு மட்டும்தான். அதன் அழகே அதுதான். ஆனால் கீல் சறுக்க வேண்டும். உங்கள் தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை என்றால், துரு பிடித்த பிறகு மட்டுமில்லை, தொடக்கத்திலிருந்தே அந்த வால் முழுதாக மடங்கியதில்லை. வால் எடை கூடிப்போயிருக்கலாம். நிறுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, அந்தச் சாம்பல் நிறப் பாதி மரம். அது அன்று முறிந்ததே இல்லை. மாதக்கணக்கில் முன்னால் போல்ட்டு ஓட்டையில் விரிசல் விட்டு, மழைநீர் இறங்கி, மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறது. அன்று இறக்கை பாதி மரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பத்தை இறக்கி, போல்ட்டைச் சுற்றித் துணியால் துடைத்துப் பார்த்திருந்தால் கோடாகத் தெரிந்திருக்கும்.

பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆலையிலிருந்து வரும் மூன்று ஃபேஸ் கம்பிகளையும் ஒன்றோடொன்று சேர்த்து ஷார்ட் செய்தால் ஆலை நிற்கும் என்பது இளங்காற்றில் உண்மை. இறக்கை ஏற்கெனவே தலைதெறிக்க ஓடும்போது ஷார்ட் செய்தால் அந்தச் சக்தி முழுதும் சுருளில்தான் வெப்பமாக இறங்கும். தாமிரக் கம்பியின் பூச்சு கருகும், ஒரு ஃபேஸ் அறுந்ததும் பிடி இன்னும் குறையும். இரண்டாவது ஊளை அப்போது வந்தது. இதில் மச்சான் மேல் குற்றமே இல்லை, அந்த நேரத்தில் அவர் கையில் வேறு எதுவும் இருக்கவில்லை. ஷார்ட் பிரேக் காற்று ஏறுவதற்கு முன்னால் போட வேண்டியது.

அவரிடம் ஒன்று மறக்காமல் சொல்லுங்கள். 24 வோல்ட் ஆலைதானே என்று கம்பியைத் தொடக்கூடாது. சுமை இல்லாமல் அந்த வேகத்தில் ஓடும்போது முனையில் 100 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கண்ட்ரோலர் கருகியது அதனால்தான். ஈரக் கையோடு பெட்டியைத் திறந்திருந்தால் ஆள் போயிருப்பார்.

தம்பி இளம்மின், பி.வி.சி. வளைந்து கொடுக்கும், சரி. வளைந்து போய்க் கம்பத்தில் அடிக்கும். வெயிலில் மென்மையாகும், ஓராண்டு இரண்டாண்டில் வெளுத்து நொறுங்கும். ஒரு மீட்டருக்குக் குறைந்த விட்டத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், கற்றுக்கொள்ள வைக்கலாம். அதற்கு மேல் வேண்டாம். கம்குவாம்பா செய்தது பெரிய காரியம். ஆனால் அவர் இருந்தது கடலில்லாத நாட்டின் உள்பகுதி. நம் கடற்கரைக்கு அதை அப்படியே கொண்டு வர முடியாது.

முப்பந்தல்காற்று (ஆரல்வாய்மொழி)

பெரிய காற்றாலைகளில் பராமரிப்பு வேலை செய்கிறேன். கோவை சார் எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். சுமை போவதும் புயலும் சேர்ந்தே வரும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

2003 செப்டம்பரில் ஜப்பானின் மியாகோ தீவை மேமி என்ற சூறாவளி தாக்கியது. பெரிய நிறுவனங்கள் கட்டிய ஆலைகளே சாய்ந்தன. அங்கே கிரிட் மின்சாரம் போய்விட்டதால் தலையைக் காற்றின் பக்கம் திருப்ப முடியாமல், காற்று வாகில்லாத திசையிலிருந்து அடித்தது. 2008 பிப்ரவரியில் டென்மார்க்கில் ஹார்ன்ஸ்லெட் பக்கம் ஓர் ஆலை பிரேக் போய் மிகைவேகத்தில் சுற்றிச் சிதறிய வீடியோவை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஓர் இறக்கை கோபுரத்தில் அடித்ததும் சில நொடிகளில் எல்லாம் முடிந்தது.

இங்கே அதற்கு என்ன தொடர்பு என்றால், இன்வெர்ட்டர் வழியாக வீட்டு ஈ.பி. இணைப்பிலேயே ஆலையை மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். புயல் வரும்போது மின்வாரியம் முன்கூட்டியே சப்ளையை நிறுத்தும், நிறுத்தத்தான் வேண்டும். கிரிட் போனதும் அந்த இன்வெர்ட்டர் தானாக அணையும். காற்று உச்சத்தில் இருக்கும் நேரத்தில் ஆலை சுமையில்லாமல் ஓடும். இதை யோசிக்காமல் வைத்த ஆலை முதல் புயலுக்கே தாங்காது.

டென்மார்க்கில் 1957இல் யோஹன்னஸ் யூல் கெட்சரில் கட்டிய 200 கிலோவாட் ஆலையில் இறக்கை நுனியே திரும்பிக் காற்றைத் தடுக்கும்படி வைத்தார். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேகம் மிஞ்சினால் அது வேலை செய்யும். இன்றும் எங்கள் ஆலைகளில் ஒன்று போனால் இன்னொன்று என்று தனித்தனி வழிகள் உண்டு. ஒன்றின் கோளாறு மற்றதைத் தொடக்கூடாது. வீட்டு ஆலையில் டம்ப் லோடு ஒன்று, மடங்கும் வால் இன்னொன்று, கைப் பிரேக் மூன்றாவது. உங்கள் மச்சானுடையதில் முதலாவது இல்லை, இரண்டாவது துருவில் இறுகியிருந்தது, மூன்றாவதை நேரம் கடந்து போட்டார். ஆக, ஒன்றுகூட இல்லை.

ஆள் மேலே ஏறுவதைப் பற்றி: அடியில் கீல் வைத்துச் சாய்த்து இறக்குகிற கம்பத்தில் யாரும் ஏறக்கூடாது. பெல்ட் கட்டினாலும் கூடாது. அது ஆள் எடையைத் தாங்கும்படி கட்டியது இல்லை.

இளம்மின்

புரிந்தது அண்ணா. அப்படியென்றால் நிமிர்ந்து நிற்கும் வகை, டிரம்மை இரண்டாக வெட்டிச் செய்வார்களே சவோனியஸ், அது மெதுவாகத்தானே சுற்றும்? அதை மொட்டை மாடியில் வைத்தால் பயமில்லையே? யூடியூபில் எல்லோரும் அதைத்தான் பாதுகாப்பானது என்கிறார்கள்.

தேவனாம்பட்டினம் (கடலூர்)

தம்பி, நான் மின்னியல் ஆசிரியை. மாணவர்கள் ஆண்டுதோறும் இதையே கேட்பார்கள்.

சவோனியஸின் நுனி வேகம் காற்றின் வேகத்தை ஒட்டியே இருக்கும், உண்மை. ஆனால் அதை மடக்க முடியாது. சுற்றினாலும் நிறுத்தினாலும் அதே பரப்பைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 10 மீட்டர் காற்று 30 மீட்டர் ஆனால் 9 மடங்கு. அந்த 9 மடங்கும் உங்கள் மாடிச் சுவரில் அடித்த நான்கு போல்ட்டுக்குத்தான் வரும். மேலும் டிரம் கனமானது. சமநிலை கொஞ்சம் தப்பினாலும் கட்டடமே அதிரும். மொட்டை மாடியில் காற்று கைப்பிடிச் சுவரில் மோதிச் சுழன்றுதான் வரும், விளைச்சலும் இருக்காது. துணி காயப்போட வருபவர்களின் தலை உயரத்தில் ஒரு சுழலும் இயந்திரம் எதற்கு? வீட்டுக் கூரை, மாடி இரண்டும் வேண்டாம். கம்பம் விழுந்தால் எட்டும் தூரத்துக்கும் வெளியே வீடு இருக்க வேண்டும்.

2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் எங்கள் மேல்தான் வந்தது. அன்று நான் பார்த்ததில் முக்கியமானது, கம்பங்களைக் காற்று நேராகச் சாய்த்ததைவிட, பறந்து வந்ததும் மேலே விழுந்ததும் சாய்த்தவை அதிகம். பலா, முந்திரி, தென்னை, ஆஸ்பெஸ்டாஸ் ஓடு, தகரம். உங்கள் ஆலை எவ்வளவு நன்றாக மடங்கினாலும், ஸ்டே கம்பியின் மேல் ஒரு தென்னை விழுந்தால் நான்கு பக்கச் சமநிலையும் அந்த நொடியில் போகும். அதனால்தான் சொல்கிறேன், புயல் அறிவிப்பு வந்தால் கம்பத்தைப் படுக்க வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

உப்பளக்கரை அண்ணா, உங்கள் படத்தில் ஸ்டே கம்பி இறங்கும் இடத்தைப் பார்த்தேன். ஆங்கிள் துண்டு ஒன்றைச் செங்குத்தாக மணலில் அடித்திருக்கிறீர்கள். காய்ந்த நாளில் அது நிற்கும். இரண்டு நாள் மழையில் ஊறிய மணல் அதை விட்டுவிடும். குறுக்குக் கட்டையாக ஒரு பைப்பையோ கான்கிரீட் தூணையோ படுக்க வைத்துப் புதைத்து, அதிலிருந்து கம்பி எடுங்கள். மேலே இருக்கும் மண்ணின் எடை முழுதும் பிடிக்கும். கம்பத்தின் அடியிலிருந்து நங்கூரம் உள்ள தூரம் கம்ப உயரத்தில் பாதிக்குக் குறையக்கூடாது. உங்களுடையது பார்வைக்கு மூன்றில் ஒரு பங்குதான் தெரிகிறது.

கோவைப்பட்டறை

டீச்சரம்மா சொன்ன நங்கூரம் சரி. "புயல் என்றால் எப்போதும் படுக்க வைக்க வேண்டும்" என்பதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. எனக்குத் தெரிந்த விபத்துகளில் பாதி, கம்பத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் நடந்தவை. பழக்கமில்லாத நாலு பேர், மழையில், அவசரத்தில் 12 மீட்டர் பைப்பை இறக்குவதைவிட, வாலை மடக்கிக் கட்டி, ஷார்ட் பிரேக் போட்டு விட்டுவிடுவது மேல் என்று நினைக்கிறேன்.

தேவனாம்பட்டினம்

மழையில் அவசரமாக இறக்கினால் ஆபத்து, ஒத்துக்கொள்கிறேன் சார். அதனால்தான் முந்தின நாள் வெயிலில் இறக்க வேண்டும். இப்போது புயல் அறிவிப்பு நாட்கணக்கில் முன்னால் வருகிறது. துறைமுகத்தில் கூண்டு எண் மாறுவதை மீனவர்கள் பார்த்துப் படகை மேலே ஏற்றுகிறார்களே, அதே நேரத்தில் இதையும் இறக்கலாம். பழக்கமில்லை என்பதற்கு மருந்து, மாசி பங்குனியில் காற்றில்லாத காலையில் இறக்கி ஏற்றிப் பழகுவது. அப்படிப் பழகினால் இறக்கை விரிசலும் தானாகக் கண்ணில் படும்.

சோழகம் (யாழ்ப்பாணம்)

எல்லாருக்கும் வணக்கம். நான் பூநகரிப் பக்கம் தோட்டக் கிணற்றடியில் ஒன்று வைத்திருக்கிறேன், 1.8 மீட்டர். எங்களுக்குச் சோழகக் (தென்மேற்குக் காற்று) காலம்தான் நல்ல விளைச்சல். கார்த்திகை வந்தால் பயம்.

நான் டீச்சரின் பக்கம்தான் நிற்பன். என்ர அம்மா மட்டக்களப்பு. 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியை இன்றைக்கும் சொல்லுவா. நடுவில் காற்று சட்டென்று நின்றது, முடிந்துவிட்டது என்று வெளியில் வந்த ஆட்களை எதிர்ப்பக்கக் காற்று பிடித்தது என்று. சூறாவளியின் கண் மேலால் போனால் அப்படித்தான். ஒரு பக்கக் காற்றுக்கு வால் மடக்கிக் கட்டி வைத்த ஆலைக்கு மறுபக்கத்தால் அடித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கோ. தலை முழுதாகச் சுழன்று வயர் முறுக்கி அறுந்தால் ஷார்ட் பிரேக்கும் போச்சு.

இறக்குவதில் நான் கவனிக்கிற விசயங்களை எழுதுகிறேன். கோவை அண்ணை பயப்படுகிறது நியாயம். அடிக் கீலின் அச்சு நேர்கோட்டில்தான் இரண்டு பக்க நங்கூரங்களும் இருக்க வேண்டும், மட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு நங்கூரம் மேட்டில், மற்றது பள்ளத்தில் இருந்தால், கம்பம் சாயச் சாய ஒரு பக்கக் கம்பி இறுகும், மற்றது தொய்யும், பாதி வழியில் பக்கவாட்டில் புரளும். ஏற்ற முதலே நூல் பிடித்து வடிவாகப் பாருங்கோ.

மற்றது, லான்ட்மாஸ்டராலோ (இரண்டு சில்லு உழவு மெசின்) உழவு இயந்திரத்தாலோ இழுக்க வேண்டாம். ஓட்டுகிற ஆளுக்குப் பின்னால் நடப்பது தெரியாது, கம்பி எங்கேயாவது கொழுவினால் இயந்திரம் நிற்காமல் இழுத்து அறுக்கும். கை வின்ச்தான் நல்லது. மெதுவாக வரும், கையில் பாரம் தெரியும். நிலத்தைக் கிட்டும்போதுதான் கம்பியில் இழுவை ஆகக் கூட. அந்த நேரம் எல்லாரும் முடிந்தது என்று கிட்ட வருவினம். விடாதேங்கோ. பிள்ளைகளையும் நாயையும் முதலே வீட்டுக்குள் விட்டுக் கதவைப் பூட்டுங்கோ.

இறக்க முதல் ஆலையை ஷார்ட் பண்ணி, நின்றதை உறுதிப்படுத்தி, அதற்குப் பிறகுதான் வின்ச்சில் கை வைக்க வேண்டும். படுத்த பிறகு இறக்கைகளைக் கழற்றி உள்ளே வையுங்கோ. கிடந்த இடத்திலேயே காற்று தூக்கி அடித்து முறிக்கும்.

கோவைப்பட்டறை

கண் கடந்து காற்று திசை மாறுவதை நான் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒரே திசையில் மாதக்கணக்கில் அடிக்கும், அந்த அனுபவத்தில் சொன்னேன். கடற்கரைக்கு டீச்சரும் சோழகமும் சொல்வதே சரி. வால் கட்டுவதை இறக்க முடியாதவர்களுக்கான கடைசி வழியாக வைத்துக்கொள்வோம்.

உப்பளக்கரை, டம்ப் லோடு பற்றி விட்டுப்போனது. இந்த ஆலை முக்கால் கிலோவாட் தரும். குறைந்தது ஒரு கிலோவாட்டை விழுங்கும் ஹீட்டர் காயில் வையுங்கள். பேட்டரி நிறைந்ததும் ஆலையைத் துண்டிக்காமல், மிச்சத்தை இந்தக் காயிலுக்குத் திருப்பும் கண்ட்ரோலர் வேண்டும். காயில் செங்கற்சுவரில், கீழே எதுவும் தொங்காத இடத்தில், எலியும் கூரைக் கீற்றும் எட்டாதபடி இருக்கட்டும். சிவக்கச் சூடாகும். ரெண்டு மாதத்துக்கு ஒரு முறை பேட்டரியை வேண்டுமென்றே நிறைத்து, காயில் சுடுகிறதா என்று பாருங்கள்.

பிரேக் சுவிட்ச் மூன்று ஃபேஸையும், ஏ.சி.யை டி.சி. ஆக்கும் ரெக்டிஃபையருக்கு முன்னால், ஒரே தட்டில் ஷார்ட் செய்ய வேண்டும். அதைக் கொட்டகைக்குள் வைக்காமல் கம்பத்துக்கு எதிர்ப்பக்கம் வாசல் ஓரமாக வையுங்கள். ஊளையிடும் ஆலைக்குக் கீழே ஓடிப்போய்ச் சுவிட்ச் தட்டும் நிலை இனி வரக்கூடாது.

முப்பந்தல்காற்று

இடி மின்னலும் உண்டு. கம்பத்துக்கும் ஒவ்வொரு ஸ்டே கம்பிக்கும் தனி எர்த் ராடு அடியுங்கள். உப்பு மண்ணில் எர்த் நன்றாகக் கிடைக்கும், ராடு சீக்கிரம் அரிக்கவும் செய்யும். ஆண்டுக்கு ஒரு முறை தோண்டிப் பாருங்கள்.

காந்தங்களையும் பாருங்கள் அண்ணே. நியோடிமியம் உப்புக் காற்றில் துருவேறி வீங்கும். வீங்கினால் சுருள் வார்ப்பில் உரசும். தட்டைக் கையால் சுற்றும்போது எங்காவது சொறசொறவென்று சத்தம் கேட்டால் அதுதான்.

உப்பளக்கரை

பெரியவர்கள் எல்லோருக்கும் நன்றி. மச்சானைப் பக்கத்தில் உட்கார வைத்து முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பிரேக்கில் குற்றமில்லை என்று கோவை அண்ணா எழுதியதைக் கேட்டபோதுதான் அவர் முகம் தெளிந்தது. ஊரில் எல்லோரும் அவரால்தான் சுருள் எரிந்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

இதுவரை நடந்தது: வாலை நிறுத்தோம். அளவில் சொன்னதைவிட நன்றாகவே கனம், சரியான தகடு கிடைக்காமல் தடித்த பிளைவுட் போட்டிருக்கிறார்கள். மாற்றுகிறோம். கீலுக்குள் பித்தளைக் குழாய் செருகி கிரீஸ் வைக்க லேத்தில் கொடுத்தாயிற்று. இறக்கை மூன்றையும் புதிதாகச் செதுக்கச் சொல்லியிருக்கிறோம், முறியாத இரண்டிலும் ஒன்றில் அதே போல்ட்டு ஓட்டையில் முடி கனத்தில் கோடு தெரிந்தது. கம்பத்தைக் கொட்டகையிலிருந்தும் சாலையிலிருந்தும் தள்ளி, பாத்திகளுக்கு நடுவே இருக்கும் பழைய மேட்டுக்குக் கொண்டுபோகிறோம். கேபிள் நீளும், செலவும் கூடும். பரவாயில்லை என்கிறார். நங்கூரத்துக்குக் குழி எடுத்தாயிற்று, ஈ.பி. கம்பத்துக்குப் போடுகிற ஏழு இழை ஸ்டே கம்பியே வாங்கியிருக்கிறோம்.

ஒரு நங்கூரத்தில் மட்டும் கம்பி கட்டிப் பார்த்தோம். படம் இணைத்திருக்கிறேன். கிளாம்ப் போட்டது சரிதானா?

தேவனாம்பட்டினம்

மூன்று கிளாம்ப் போட்டது நல்லது. ஆனால் நடுவில் இருப்பது திரும்பியிருக்கிறது. வார்ப்புத் துண்டு, பல் வெட்டிய பக்கம், இழுவை தாங்கும் நீளக் கம்பியின் மேல் உட்கார வேண்டும். யூ வளைவு மடக்கி விட்ட முனைத் துண்டின் மேல்தான் வர வேண்டும். மாறினால் யூ வளைவு இழுவைக் கம்பியை நசுக்கி, அந்த இடத்திலேயே அறுக்கும். மூன்றும் ஒரே பக்கம் பார்க்கட்டும். கம்பம் ஏறிக் கம்பி இறுகிய பிறகு நட்டுகளை மறுபடி முடுக்குங்கள், முதல் இழுவையில் கம்பி மெலிந்து நட்டு தளரும். கம்பியை இறுக்கும் டர்ன்பக்கிள் தானாகத் திருகிக் கழலாமல் நடுவே ஒரு துண்டுக் கம்பியைக் கோத்து முறுக்கிவிடுங்கள்.

உப்பளக்கரை

நடுக் கிளாம்பைத் திருப்பிவிட்டோம் டீச்சர். மற்ற மூன்று நங்கூரமும் இதே மாதிரி கட்டிவிட்டுப் படம் போடுகிறேன். கம்பத்தை ஏற்றுவது பங்குனியில், காற்று விழும் காலை நேரத்தில். சோழகம் அண்ணா, இரண்டு பக்க நங்கூரத்துக்கும் நீர்மட்டக் குழாய் வைத்துப் பார்த்தோம். தெற்குப் பக்கம் ஒரு சாண் தாழ்ந்திருக்கிறது. அந்தக் குழியை மூடிவிட்டு மறுபடி எடுக்கிறோம்.